சிபேனலில் டேட்டாபேஸ்: பல வருடம் புழங்கிய பிறகு

சொந்தத் தளம், நண்பர்களின் தளங்கள் என்று நான் பார்த்துக்கொள்பவை எல்லாம் ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் ஓடுகின்றன. அதனால் பல வருடங்களாக என் டேட்டாபேஸ் வேலை பெரும்பாலும், ஹோஸ்டிங் கணக்கை பிரவுசரிலேயே நிர்வகிக்க உதவும் சிபேனலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. புதிதாக ஒன்றை உருவாக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. இருப்பதை இன்னொரு சர்வருக்கு மாற்றும்போதுதான் இதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

உருவாக்குவதில் மூன்றே படிகள். டேட்டாபேஸுக்குப் பெயர் வைக்க வேண்டும், யூசரை உருவாக்க வேண்டும், இரண்டையும் இணைக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சர்வர்களில் நாம் வைக்கும் பெயருக்கு முன்னால் கணக்குப் பெயரும் ஓர் அடிக்கோடும் தானாகவே சேர்ந்துகொள்ளும். தளத்தின் கான்ஃபிக் ஃபைலில் அந்த முழுப் பெயரையும் எழுத வேண்டும். ‘டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை’ என்று தளம் அடம்பிடித்தால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

தளத்துக்கு ஒரு தனி யூசர் என்பது என் வழக்கம். ஒரு தளத்தின் பாஸ்வேர்டு வெளியே போனாலும் மற்றவற்றின் டேட்டாபேஸை அதை வைத்துத் திறக்க முடியாது. வேர்ட்பிரஸ் அப்டேட்டுகளும் பிளகின்களும் டேபிள்களை மாற்றும் என்பதால் அதன் யூசருக்கு எல்லா அனுமதிகளையும் டிக் செய்துவிடுவேன். வெறுமனே அறிக்கை எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு, படிக்க மட்டும் அனுமதிக்கும் ‘செலக்ட்’ ஒன்றே போதும்.

உள்ளே போய்ப் பார்ப்பதற்கு பிஎச்பிமைஅட்மின். 1998-லிருந்து இருக்கும் கருவி. அந்தக் காலத்து வாடை இன்னும் போகவில்லை. டேபிள் பட்டியலில் வரிசைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் ஓர் அலைக்குறி தெரிந்தால் அது தோராயக் கணக்கு. இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் இருக்கும் டேபிள்களுக்கு அப்படித்தான் காட்டும். சரியான எண்ணிக்கை வேண்டுமானால் கவுன்ட் கொயரி ஓட்ட வேண்டும். இது தெரியாமல், இடம் மாற்றிய பிறகு இரண்டு பக்கமும் எண் ஒத்துப்போகவில்லை என்று பதறுபவர்கள் உண்டு. என் பெரிய மனக்குறை வேறு: டேபிளைக் காலிசெய்யும் ‘எம்ப்டி’யும் அடியோடு நீக்கும் ‘டிராப்’பும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு முறை கேட்கும், அவ்வளவுதான்; ஓகே கொடுத்துவிட்டால் பேக்கப்பைத் தேட வேண்டியதுதான்.

இனி இம்போர்ட், அதாவது இறக்கி வைத்த டேட்டாபேஸ் ஃபைலை ஏற்றுவது. பிஎச்பிமைஅட்மின் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் இயல்பு அப்லோட் வரம்பு 2 எம்பி. ஹோஸ்டிங்காரர்கள் இதைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். எவ்வளவு என்பது இம்போர்ட் பக்கத்திலேயே இருக்கும். எஸ்கியூஎல் ஃபைல் வெறும் எழுத்து என்பதால் ஜிஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கும். அப்படியும் பாதியில் டைம் அவுட் ஆகி, சில டேபிள்கள் மட்டும் வந்து நிற்பதுண்டு. சர்வருக்குள் நேரடியாகக் கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் அனுமதி இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். டெர்மினலில் ஒரு வரி போதும்.

அடுத்த தலைவலி 1273 என்ற பிழை எண்: கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியவில்லை என்று அர்த்தம். பழைய சர்வரிலும் சிபேனல், புதியதிலும் சிபேனல்; பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் அடியில் இருக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் ஒன்றில் மைஎஸ்கியூஎல் 8, மற்றதில் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபியின் பழைய பதிப்பு. மைஎஸ்கியூஎல் 8-இன் இயல்புக் கொலேஷன் பெயரின் நடுவில் 0900 என்று வரும். பழைய மரியாடிபிக்கு அது புரியாது. ஃபைலை எடிட்டரில் திறந்து அந்தப் பெயரை எல்லா இடத்திலும் ‘யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ’ என்று மாற்றினால் ஏறிவிடும். சர்வர் மாற்றத் தொடங்கும் முன்பே, பிஎச்பிமைஅட்மினின் முதல் பக்கத்தில் வலப்புறம் இருக்கும் சர்வர் பதிப்பை இரண்டு இடத்திலும் பார்த்துவிடுவது நல்லது.

அதே கையோடு பழைய டொமைன் பெயரையும் எடிட்டரிலேயே மாற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே எழுத்துத் தொடராக்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொற்றொடரின் நீளத்தோடும் சேர்த்துச் சேமிக்கிறது. நீளம் பொருந்தாவிட்டால் விட்ஜெட் அமைப்புகள் காணாமல் போகும். இந்த வேலைக்கு வேர்ட்பிரஸின் கட்டளை வரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ இருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ்க் குறிகள் சரியாக 3 பைட் என்பதால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். யாராவது ஒரு இமோஜி போட்டால் அது 4 பைட். சர்வர் அமைப்பைப் பொறுத்து பிழை வரும், அல்லது இமோஜிக்குப் பிறகு வரும் எழுத்தெல்லாம் வெட்டுப்படும். பழைய டேபிள்களை, 4 பைட் வரை தாங்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிடுங்கள்.

பேக்கப் விஷயத்தில் மட்டும் நான் பேனலை முழுதாக நம்புவதில்லை. ‘ஃபுல் பேக்கப்’ என்று எடுப்பதை சிபேனலிலிருந்து நாமே மீட்க முடியாது, ஹோஸ்டிங்காரர்தான் செய்து தர வேண்டும். டேட்டாபேஸை மட்டும் தனியாக இறக்கி வைத்தால் அதை நாமே ஏற்றலாம். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஜாபில், டேட்டாபேஸை ஃபைலாக இறக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையைப் போட்டு, இரவோடு இரவாக ஃபைலை வேறொரு சர்வருக்கு அனுப்பிவிடுகிறேன்.