தாழ்புடைப்பா, உயர்புடைப்பா? தெய்வ உருவம் செதுக்கத் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

மரப்பலகையில் தெய்வ உருவங்களைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்க முனையும் தொடக்கநிலையாளர் பலரும் எந்த மரம், எந்த உளி என்பதைப் பற்றி நெடுநேரம் யோசிக்கிறார்கள். எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் கைபோன போக்கில் விட்டுவிடுகிறார்கள். வேலை தேறுமா தேறாதா என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது அந்த ஆழம்தான். உருவத்தின் இயல்பான பருமனில் பாதிக்கும் குறைவாகத் தளத்திலிருந்து எழும்பி நிற்பது தாழ்புடைப்பு. பாதிக்கு மேல் எழும்பி, தலை, கை போன்ற உறுப்புகள் சில இடங்களில் தளத்தை விட்டே விலகி நிற்பது உயர்புடைப்பு. முன்னது எளிது, பின்னது கடினம் என்ற பரவலான எண்ணம் பாதி மட்டுமே உண்மை.

உழைப்பை மட்டும் கணக்கிட்டால் தாழ்புடைப்புக்கே சாதகம். 25 மி.மீ. கனமுள்ள பலகையில் 8 மி.மீ. ஆழத்துக்குப் பின்னணியை இறக்கினால் போதும். எஞ்சும் 17 மி.மீ. பலகையை உறுதியாக வைத்திருக்கும். கோட்டின் மேல் உளியைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டி, அந்த வெட்டை நோக்கிப் பின்னணியைச் சீவிக்கொண்டு வருவதுதான் பெரும்பகுதி வேலை. உயர்புடைப்புக்கு 50 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமான பலகை வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் இவ்வளவு மரத்தை அகற்றும்போது பலகையின் உள் இறுக்கம் சமநிலை இழந்து, அது வளைந்துகொள்ளும் வாய்ப்பும் மிகுதி. நன்றாக உலராத மரமாக இருந்தால் இந்த வளைவைத் தவிர்ப்பது மிகக் கடினம்.

ஆனால் தெய்வ உருவம் என்று வரும்போது, பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் முகம். இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அங்கேதான் வெளிப்படுகிறது. மோவாய் முதல் நெற்றி மேல்விளிம்பு வரை 6 செ.மீ. உயரமுள்ள ஒரு முகத்தை நேர்நோக்காகச் செதுக்குவதாகக் கொள்வோம். இயல்பான விகிதப்படி மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 4 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். தாழ்புடைப்பில் நமக்குக் கிடைப்பதோ 8 மி.மீ.; அதாவது மூக்கு, உதடு, கன்னம், கண்குழி, காது ஆகிய அனைத்தும் தத்தம் உண்மையான ஆழத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கியாக வேண்டும். இந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் நடக்கவில்லையென்றால் முகம் தட்டையான முகமூடியாகிவிடுகிறது, அல்லது மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அரை மி.மீ. கூடுதலாகச் சீவிவிட்டால், உயர்புடைப்பில் யாரும் கவனிக்காத அந்தப் பிழை, இங்கே அருள் ததும்ப வேண்டிய முகத்தின் உணர்வையே மாற்றிவிடும்.

கண்ணை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். தொடக்கநிலையாளர் பெரும்பாலும் கண்ணை வரைபடத்தில் போடுவதுபோல் இரண்டு கோடுகளாகக் கீறிவிடுகிறார்கள். கண் ஓர் உருண்டை. இமைகள் அதன் மேல் போர்த்தியவை. வெளிக்கோடி உட்கோடியைவிடப் பின்தள்ளி அமைந்திருக்கும். உயர்புடைப்பில் முதலில் உருண்டையை உருவாக்கி, பிறகு இமைகளை அதன் மேல் பிரித்தெடுக்க இடம் இருக்கிறது. தாழ்புடைப்பில் அதே வரிசையை ஓரிரு மி.மீ. ஆழத்துக்குள் செய்ய வேண்டும். அதற்குக் கைப்பழக்கமும் சவரக்கத்தி போன்ற கூரும் தேவை.

பக்கவாட்டு முகமாக இருந்தால் நிலைமை முற்றிலும் தலைகீழ். நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் ஆகியவற்றின் அடையாளம் முழுவதும் வெளிக்கோட்டிலேயே அமைந்துவிடுவதால், ஆழம் கன்னத்துக்கும் கண்ணுக்கும் மட்டும்தான் தேவைப்படுகிறது. நாணயங்களில் தலைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் பொறிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எகிப்தின் சக்காராவில் ஹெசி-ரா என்ற பண்டைய அதிகாரியின் கல்லறையிலிருந்து கிடைத்த, ஏறத்தாழ 4,600 ஆண்டுகள் பழமையான மரப்பலகைகளிலும் முகங்கள் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. மிகக் குறைந்த ஆழத்திலேயே கன்ன எலும்பும் உதட்டின் இறுக்கமும் அவற்றில் துல்லியமாகத் தெரிகின்றன. விநாயகரின் முகம் நேர்நோக்காக இருந்தாலும் துதிக்கை ஒரு பக்கமாக வளைந்துவிடுவதால், அந்த உருவம் தாழ்புடைப்புக்கு ஓரளவு இணங்குகிறது. தியானத்தில் நேராக அமர்ந்த புத்தரோ, நம்மை நேராக நோக்கும் இயேசுவோ அப்படி இணங்குவதில்லை.

கைகளைப் பொறுத்தவரை மதிப்பெண் மறுபடியும் தாழ்புடைப்புக்கே போகிறது. நிற்கும் உருவத்துக்கு மரத்தின் இழை மேலிருந்து கீழாக ஓடும்படி பலகையை வைப்பது வழக்கம். ஆசி வழங்க உயர்த்திய கையின் விரல்கள் அந்த இழையோடு ஒத்துப்போகும். சிலுவையில் விரிந்த கைகளும், பக்கவாட்டில் நீண்ட விரல்களும் இழைக்குக் குறுக்கே அமைவதால், தளத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கும் கணத்தில் பொட்டென்று ஒடிந்துவிடும். முழுச் சிலைகளில் இத்தகைய கைகளைத் தனியாகச் செதுக்கிப் பொருத்துவதன் காரணம் இதுதான். தாழ்புடைப்பில் விரலுக்குப் பின்னால் பலகை தாங்கிக்கொண்டிருப்பதால் இந்த அச்சம் இல்லை. விளிம்பின் அடியில் சற்றே உள்வெட்டுக் கொடுத்தால் நிழல் விழுந்து, கை தளத்தை விட்டு விலகி நிற்பது போன்ற தோற்றமும் கிடைத்துவிடும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும் இடத்தில் வைத்துச் செதுக்குவதும், அப்படிப்பட்ட இடத்திலேயே மாட்டுவதும் இதற்கு அவசியம். நேர் ஒளியில் தாழ்புடைப்பு கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்தே போகும்.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: பல உருவங்கள் கூடிய கதைக்காட்சியையோ, பக்கவாட்டில் திரும்பிய அடியவரையோ செதுக்குவதானால் தாழ்புடைப்பில் தொடங்கலாம், நம்மை நேராக நோக்கும் தனித் தெய்வ முகம்தான் வேண்டுமென்றால், உழைப்பு கூடினாலும் முகத்துக்கு மட்டுமாவது 20 மி.மீ.க்குக் குறையாத ஆழம் கொடுக்க வேண்டும். ஒரே படைப்பில் இரண்டையும் பயன்படுத்துவதற்கு மிக நல்ல முன்மாதிரி உண்டு. ஜெர்மனியின் ரோட்டன்பர்க் நகரில், புனித யாக்கோபு தேவாலயத்துக்காக சிற்பி டில்மன் ரீமென்ஷ்னைடர் 1501 முதல் 1505 வரை செய்த பீடச் சிற்பத்தின் நடுவில் இறுதி இராவுணவுக் காட்சியின் உருவங்கள் ஏறக்குறைய முழுச் சிலைகளாகவே நிற்கின்றன. எருசலேமில் நுழையும் காட்சியும் ஒலிவ மலைக் காட்சியும் இரு பக்கங்களிலும் சிறகுபோல் அமைந்த பலகைகளில் ஆழம் குறைந்த புடைப்பாக அமைந்துள்ளன.

மரத்தைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. ரீமென்ஷ்னைடர் பயன்படுத்திய லிண்டன் மரம் மென்மையானது, இழை சீரானது, எந்தத் திசையில் வெட்டினாலும் பெரிதாக முரண்டு பிடிக்காது. முதல் வேலைக்கு அதைவிட ஏற்றது அரிது. ஓக் மரத்தின் பெரிய துளைகள் சிறிய முகங்களின் நுணுக்கத்தை விழுங்கிவிடும். தேக்கு நீடித்து உழைக்கும் என்றாலும், அதிலுள்ள சிலிக்கா உளியின் கூர்மையை விரைவில் மழுங்கச் செய்யும். பைன் மரத்தில் மென்மையான வளையமும் கடினமான வளையமும் மாறி மாறி வருவதால், நுண்ணிய வெட்டுகளில் மரம் நசுங்கும் அல்லது பிய்ந்துவரும்.

வண்ணம் பூச எண்ணினால் அதையும் ஆழத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மரபான வண்ணவேலையில் முதலில் பூசப்படும் சுண்ணக்கட்டி, பசைக் கலவைப் படலங்கள் உயர்புடைப்பின் மடிப்புகளைப் பாதிக்காது. தாழ்புடைப்பின் இமைக் கோட்டையும் உதட்டு மடிப்பையும் அவை நிரப்பிவிடும். ஜெர்மனியின் மூன்னர்ஷ்டாட் நகரத் தேவாலயத்துக்கான பீடச் சிற்பத்தை ரீமென்ஷ்னைடர் 1492-இல் வண்ணமின்றியே ஒப்படைத்தார். சுமார் 12 ஆண்டுகள் கழித்து ஃபைட் ஷ்டோஸ் என்ற மற்றொரு சிற்பி அதற்கு வண்ணம் தீட்டினார். 8 மி.மீ. ஆழத்தில் செதுக்கியதற்கு மெல்லிய எண்ணெயும் மெழுகும் மட்டும் போதும். வண்ணம் கட்டாயம் என்றால் அடிப்பூச்சைத் தவிர்த்து, மரத்தின் மேல் நேராக நீர்த்த சாயத்தை ஏற்றலாம்.