ஜிராவும் கான்ஃப்ளுயன்ஸும்: தேவைகளை எழுதிவைக்க எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஒரு மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்தான் 'தேவைகள்'. அட்லாசியன் நிறுவனம் 2002-இல் ஜிராவை வெளியிட்டபோது அது மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் கருவி. அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. ஒரு வேலை யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லும். ஒரு விதி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் விழிக்கும்.

எபிக் (பெரிய வேலை), அதற்குள் ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய ஒரு வசதி), அதற்குள் சப்டாஸ்க் (சிறு வேலை) என்ற அடுக்கு, வேலையைச் சிறு சிறு சுற்றுகளாக முடிக்கும் அஜைல் குழுக்களுக்குக் கச்சிதம். ஆனால் அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவுக்கென்று, அதாவது வேலை முடிந்ததாக ஏற்க நிறைவேற வேண்டிய நிபந்தனைகளுக்கென்று, தனி ஃபீல்டு கிடையாது. எல்லாரும் டிஸ்கிரிப்ஷனில் கொட்டிவிடுவார்கள். டெஸ்டர்தான் துழாவி எடுக்க வேண்டும். அட்மினிடம் சொல்லி பாராகிராஃப் வகையில் ஒரு கஸ்டம் ஃபீல்டு போட்டுக்கொள்ளுங்கள். அதை ஸ்டோரியின் ஸ்கிரீனில் சேர்க்க மறந்தால் ஃபீல்டு இருந்தும் யார் கண்ணிலும் படாது. "வரவே இல்லையே" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, ஸ்டோரி 'இன் புராக்ரஸ்' நிலைக்குப் போகும் இடத்தில் ஒரு வேலிடேட்டர் (நிபந்தனையைச் சரிபார்க்கும் தடை) வையுங்கள். ஃபீல்டு காலியாக இருந்தால் நகர விடாது. ஆனால் ஒரு புள்ளி வைத்தாலும் விட்டுவிடும்! தரத்தை மனிதர்தான் பார்க்க வேண்டும். "ஆர்டரை எளிதாக ரத்து செய்ய முடிய வேண்டும்" என்பதை யாராலும் சோதிக்க முடியாது. "பேக் ஆகும் முன் ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும், பேக் ஆனபின் ரத்து பட்டன் தெரியக்கூடாது" என்பதைச் சோதிக்கலாம்.

பெரிய குறை வேறு. ஸ்டோரி என்பது மாற்றத்தின் பதிவு, இன்றைய நிலையின் பதிவு அல்ல. முதல் ஸ்பிரிண்டில் (குறுகிய வேலைச் சுற்றில்) 'பேக் ஆகும் முன்' என்று வைத்த விதி, ஐந்தாவது ஸ்பிரிண்டில் 'டெலிவரிக்குக் கிளம்பும் முன்' என்று மாறியிருக்கும். இரண்டும் 'டன்' (முடிந்தது) நிலையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். புதிதாக வந்தவர் எதை நம்புவார்?

இங்கேதான், குழுவாகப் பக்கங்கள் எழுதிவைக்க உதவும் அட்லாசியனின் இன்னொரு மென்பொருளான கான்ஃப்ளுயன்ஸ் தேவைப்படுகிறது. ரத்து விதிகளுக்கு ஒரே பக்கம், அதில் இன்று நடப்பிலுள்ள விதி மட்டும். ஸ்டோரியில் அந்தப் பக்கத்தின் லிங்க். பக்கத்தைத் திருத்தாமல் ஸ்டோரியை மூடக்கூடாது என்பதை டெஃபினிஷன் ஆஃப் டன்னில் (எது நடந்தால் வேலை முடிந்தது என்று குழு வைத்திருக்கும் பட்டியலில்) சேர்த்துவிட வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பக்கத்தின் பழைய பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தேவைகளுக்கென்று வரும் டெம்ப்ளேட்டில் உருப்படியான பகுதி, எதைச் செய்யப்போவதில்லை என்று எழுதும் இடம். பலர் முதலில் அழிப்பதும் அதைத்தான். பக்கத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்தே ஸ்டோரி உருவாக்கும் வசதி நல்லது. ஆனால் பின்னால் அந்த வரியைத் திருத்தினால் ஸ்டோரி தானாக மாறாது.

ஒரே தயாரிப்பில் வேலை செய்யும் சிறிய, நடுத்தரக் குழுக்களுக்கு இந்த ஜோடி தாராளமாகப் போதும். மருத்துவக் கருவி போல, ஒப்புதல் பெற்ற தேவைகளை ஒரு தேதியில் மொத்தமாக உறையவைத்துத் தணிக்கைக்குக் காட்ட வேண்டிய துறை என்றால், ஜிராவில் அதற்கான பேஸ்லைன் வசதி இயல்பாகக் கிடையாது. தனிப் பிளக்இன்னோ, தேவை மேலாண்மைக்கென்றே உள்ள வேறு மென்பொருளோ வாங்கியாக வேண்டும்.