38 வெள்ளிக்கு ஒரு பேட்ஜும் கொஞ்சம் பீஹூனும்

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் மாதம் ஒருமுறை நடக்கிற நெட்வொர்க்கிங் மாலை ஒன்றுக்குப் போய் வந்தேன். ஏற்பாட்டாளர் பெயர் வேண்டாம். 6.30 முதல் 8.30 வரை, டிக்கெட் 38 வெள்ளி. ஆட்குறைப்பில் வேலை போய் எனக்கு இது மூன்றாவது மாதம், அதனால் 38 வெள்ளி என்பது இரண்டு முறை எண்ணிப் பார்த்துக் கொடுக்கிற காசு. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் போட்ட 4,000 வெள்ளி அப்படியே கிடக்கிறது, ஆனால் அது படிப்புக்குத்தான், இதற்கு ஆகாது.

பிறகு ஏன் போனேன் என்றால், வேலைத் தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்துதான் அதிகம் வரும் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களிலேயே எழுதிவிட்டார். என் விஷயத்தில் அது சரிதான். என் நண்பர்கள் எல்லாரும் என்னோடு ஒரே ஆபீஸில் இருந்தவர்கள், அவர்களில் பாதிப்பேர் என்னோடு சேர்ந்து வேலை தேடுகிறார்கள்.

கோளாறு வாசலிலேயே தொடங்கியது. பதிவுப் படிவத்தில் நிறுவனத்தின் பெயர் கட்டாயம் என்றதால் வெறும் கோடு ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தேன். பேட்ஜில் என் பெயர் எறும்பு அளவில், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் அந்தக் கோடு, அப்படியே அச்சாகி இருந்தது! வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நெஞ்சைப் பார்க்கிறார்கள், கோட்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள். நின்று பேசியவர்கள் இரண்டே பேர், இருவரும் காப்புறுதி முகவர்கள். வேலை இல்லாதவனிடம் காப்புறுதி விற்க வந்த தைரியம் யாருக்கு வரும்!

ஏழு மணிக்கு ஒருவர் மேடையேறி, புதியவர்களிடம் தயங்காமல் பேசுங்கள் என்று 50 நிமிடம் பேசினார். நாங்கள் யாரிடமும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். சாப்பாடு சைவ பீஹூனும் (அரிசிச் சேமியா) ஆறிப்போன கறிபாப்பும். பேச்சு முடிவதற்குள் பீஹூன் காலி.

கடுப்பில் பேட்ஜ் அட்டையை உருவி, திருப்பி, பதிவு மேசையில் பேனா வாங்கி, பின்பக்கத்தில் 'கன்டெய்னர் டெமரேஜ் கணக்கு, 14 வருடம்' என்று ஆங்கிலத்தில் எழுதி மாட்டிக்கொண்டேன். இறக்கிய கன்டெய்னரை இலவச நாட்களுக்குள் துறைமுகத்திலிருந்து எடுக்காவிட்டால் கப்பல் நிறுவனம் நாள்கணக்கில் போடுகிற கட்டணம்தான் டெமரேஜ். கோப்பி பிளாஸ்க் பக்கத்தில் ஒரு தம்பி அதைப் படித்துவிட்டு, "அண்ணே, எங்க ஆபீஸ்ல மாசாமாசம் இதுக்குத்தான் சண்டை" என்றார். சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலையாம்.

அரங்கை மூடியதும் இருவரும் லாவ் பா சாட் உணவங்காடிப் பக்கம் நடந்தோம். பூன் டாட் தெருவை அடைத்துப் போட்ட சாத்தே கடைப் புகைக்கு நடுவே அவர் போனில் ஒரு பில்லைக் காட்டினார். பார்த்தவுடன் தெரிந்தது, இலவச நாட்களைப் பெட்டி இறங்கிய நாளிலிருந்து எண்ணாமல் கப்பல் வந்த நாளிலிருந்து எண்ணியிருந்தார்கள், ஒப்பந்தத்தில் அப்படி இல்லை. மறுநாள் காலை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன், மேலாளரிடம் காட்டினாராம், புதன்கிழமை கோப்பி குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலையா இல்லையா, போனால் தெரியும்.

ஏற்பாட்டாளர் தருவதாகச் சொன்ன பங்கேற்பாளர் பட்டியல் இன்னும் வரவில்லை. அடுத்த மாத டிக்கெட்டுக்குச் சலுகை மின்னஞ்சல் மட்டும் இரண்டு முறை வந்துவிட்டது.

5க்கு 2 கொடுக்கிறேன், அந்த இரண்டும் கோப்பி பிளாஸ்க்குக்கு. காசு இறுக்கமாக இருந்தால் முதலில் இ2ஐ (e2i) வேலைவாய்ப்பு நிலையம் போன்ற இடங்களில் இலவச வேலை ஆலோசனைக்குப் போங்கள். இங்கேதான் வருவேன் என்றால், அட்டையில் எழுத வேண்டியதை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு 7.50க்கு வாருங்கள்.