கென்கியா, மின்னாவா? தனியாக ஜப்பானிய மொழி படிக்கும் தமிழருக்கு ஓர் அலசல்

ஜப்பானிய மொழி படிக்கப் போகிறேன் என்று சொன்னால் "ஐயோ, அது ரொம்பக் கஷ்டமாச்சே" என்பார்கள். அந்தப் பயத்துக்குத் துணையாக ஒரு கணக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் இந்த மொழிக்குச் சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது என்பதுதான் அது. கணக்கு சரிதான், ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கான கணக்கு. எந்தப் புத்தகம் நல்லது என்று இணையத்தில் வரும் பரிந்துரைகளில் பெரும்பாலானவையும் அவர்கள் எழுதியவைதான். அவர்களுக்கு மலையாகத் தெரிகிற இடம் நமக்குச் சமதரையாக இருக்கும். சில இடங்களில் நேர் எதிர்.

"வதாஷி வ ஹொன் ஒ யொமிமஸ்." சொல்லுக்குச் சொல் பெயர்த்தால்: நான், புத்தகம், ஐ, படிக்கிறேன். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். "செய்து பார்" என்பது "ஷிதெ மிரு". இதில் "மிரு" என்றால் பார் என்றே பொருள். "வாங்கி வை" என்பது "கத்தெ ஒகு", அதில் "ஒகு" நம் வை. "வருவேன் என்று சொன்னார்" என்பதில் வரும் "என்று"வுக்கு அவர்களிடம் "தொ" இருக்கிறது. கொரெ, சொரெ, அரெ, தொரெ என்ற சுட்டு வரிசையைப் பார்த்தால் இது, உது, அது, எது என்று நம் வாயே ஓடும். ஈழத்தில் "உது" இன்றும் பேச்சில் இருப்பதால், கேட்பவர் பக்கத்தில் உள்ளதைச் சுட்டும் "சொரெ"வை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றே வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிப்பவனுக்கு லாபம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகங்களுக்கு வரலாம். போட்டி முக்கியமாக இரண்டுக்கு இடையில்தான்: கென்கி, மின்னா நோ நிஹோங்கோ. கென்கி 1999இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2020இல். இரண்டு தொகுதிகள், 23 பாடங்கள், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் 317. இலக்கண விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில், தெளிவாக, நகைச்சுவையோடு இருக்கும். மின்னா 1998இல் வந்தது, தொடக்க நிலை மட்டும் 50 பாடங்கள். முதன்மைப் புத்தகத்தில் ஜப்பானிய மொழி தவிர வேறெதுவும் கிடையாது. சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் தனிப் புத்தகம், அதையும் சேர்த்து வாங்க வேண்டும்.

தனியாகப் படிக்கிறவனுக்குக் கென்கி, வகுப்பில் படிக்கிறவனுக்கு மின்னா என்பது ஊரறிந்த தீர்ப்பு. நானும் அதை நம்பிக் கென்கியில்தான் தொடங்கினேன். ஆனால் ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கில விளக்கம் வழியாகப் புரிந்துகொண்டு, அப்புறம் மனதுக்குள் தமிழாக்கிக்கொள்வது மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலையாக இருந்தது. வினையெச்சம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பக்கம் விளக்கம் படிக்கும்போது, "இது நம்ம 'போய், வந்து, செய்து' தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று தோன்றியது. போதாததற்குக் கென்கி பல்கலைக்கழக வகுப்புகளுக்காக எழுதப்பட்டது. பயிற்சிகளில் நிறைய "உங்கள் ஜோடியைக் கேளுங்கள்" என்கிற வகை. என் ஜோடி சுவர்தான்.

மின்னாவில் விளக்கம் குறைவு, பயிற்சி அதிகம். ஒரே வாக்கிய அமைப்பில் சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்ல வைக்கும். ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு இது அலுப்பூட்டும். தமிழ் வழியாக வருகிறவருக்கு அமைப்பு ஏற்கெனவே தெரியும், வாய் பழகினால் போதும். அதற்கு இந்த அரைத்த மாவு முறைதான் சரி. குறையும் உண்டு. கென்கி ஆறாம் பாடத்திலேயே தருகிற வினையெச்சத்தை மின்னா பதினான்காம் பாடம் வரை இழுத்தடிக்கும். நண்பர்கள் பேசிக்கொள்கிற சாதாரண நடை இருபதாம் பாடத்தில்தான் வரும். நமக்கு இந்தக் காத்திருப்பு தேவையே இல்லை, முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் கென்கியைத்தான் எடுக்கச் சொல்வேன்: "வ"வும் "க"வும். எழுவாய்க்குப் பின்னால் இந்த இரண்டில் எது வரும் என்பதற்குத் தமிழில் நேரான இணை இல்லை. இங்கே விளக்கம் வேண்டும், பயிற்சி மட்டும் போதாது. நீளமான பொருளுக்கு "ஹொன்", தட்டையானதுக்கு "மை", சிறு விலங்குக்கு "ஹிகி" என்று எண்ணும்போது ஒட்டு மாறுவதும் அப்படித்தான்.

காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் இரோதோரி இருக்கிறது. ஜப்பான் பவுண்டேஷன் 2020இல் வெளியிட்டது. புத்தகம், ஒலிப்பதிவு இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடையில் பேசுவது, வேலையிடத்தில் லீவு கேட்பது போன்ற காரியங்களை வைத்துப் பாடம் நகரும். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். இலக்கணத்தை அடுக்காகக் கட்டிப் படிக்க விரும்புகிறவருக்கு மட்டும் கொஞ்சம் பொலபொலவென்று தோன்றும்.

விளையாட்டு மாதிரிப் புள்ளி தரும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளைப் பழக நல்லவை. அதற்கு மேல், சிதறிக் கிடக்கும் சொற்களை நகர்த்தி ஆங்கில வாக்கியம் அமைக்கச் சொல்லும்போது உங்கள் ஆங்கிலத்துக்குத்தான் பரீட்சை நடக்கிறது. ஆன்கி வேறு ஜாதி. 2006இல் வந்த இந்த இலவச அட்டை மென்பொருளின் பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். மறக்கப் போகிற நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். அழகில்லை, கொஞ்சுவதில்லை, நான்கு நாள் விட்டால் முந்நூறு அட்டை சேர்ந்து முறைக்கும். இருந்தாலும் சொல் நிற்பது இதில்தான். ஒரு நாளைக்குப் பத்துப் புதிய சொல்லுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

எழுத்தை ஆங்கில எழுத்து வழியாகப் படிப்பதா, நேரடியாகப் படிப்பதா என்பது கேள்வியே இல்லை. ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. இருநூற்று நாற்பத்தேழைக் கடந்து வந்தவர்களுக்கு இது இரண்டு வார வேலை. வரிசையும் அ, க, ச, த, ந என்றே போகும், ஏனென்றால் அந்த அடுக்கில் பௌத்தத் துறவிகள் படித்த சமஸ்கிருத ஒலியியலின் செல்வாக்கு உண்டு. குறில் நெடிலிலும் நமக்குச் சிக்கலில்லை: "ஒபசன்" அத்தை, "ஒபாசன்" பாட்டி. ஆனால் ஒரு எச்சரிக்கை. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். சாவிக்கும் ஒரு பழத்துக்கும் உள்ள பெயர்களை நாம் எழுதினால் இரண்டும் "ககி" என்றுதான் வரும். முதலாவதில் நடு எழுத்தை "அகம்" என்பதில் வருகிற மாதிரி ஒலிக்க வேண்டும், இரண்டாவதில் "கல்" மாதிரி. சொல்லின் நடுவே வல்லினம் மெலிந்துவிடுவது நம் நாக்கின் பழக்கம். அதனால் பழம் கேட்கப் போய்ச் சாவி கேட்டுவிடுவோம். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பதையும் காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான மலை கான்ஜிதான். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். ஹைசிக் என்பவரின் பிரபலமான முறை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டி, கதை கட்டி நினைவில் வைக்கச் சொல்கிறது. முதல் தொகுதியில் உச்சரிப்பே கிடையாது. எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் கண்ணைத் தருகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒட்டுச் சொற்களில் பாதிக்கு நான் ஆங்கில அகராதியைத் திறக்க வேண்டியிருந்தது. வனிகனி என்ற தளம் உச்சரிப்பையும் சொற்களையும் சேர்த்தே தருகிறது. அறுபது படிகளில் முதல் மூன்று இலவசம், அப்புறம் சந்தா. வேகத்தை அதுதான் தீர்மானிக்கும் என்பது சிலருக்கு வசதி, சிலருக்கு எரிச்சல்.

மூன்றாவது வழி, பாடத்தில் வருகிற சொல்லோடு சேர்த்தே அதன் எழுத்தைப் படிப்பது. என் ஓட்டு இதற்கு. ஒரே எழுத்தைத் தனியாக வரும்போது "மிசு" என்றும், வேறு எழுத்தோடு சேரும்போது "சுஇ" என்றும் படிக்கிறார்கள், இரண்டுக்கும் பொருள் தண்ணீர். தனியாக நீர் என்கிற நாமே சளி பிடித்தால் ஜலதோஷம் என்கிறோம் இல்லையா, அந்த நீரையும் ஜலத்தையும் ஒரே எழுத்தால் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்புப் பட்டியலை உருப்போட்டால் இது மண்டையில் ஏறாது. சொல்லாகப் பார்த்தால் தானாக உட்காரும்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை இலக்காக வைப்பதா என்று கேட்பார்கள். தொடக்க நிலையான என்5இலிருந்து உச்ச நிலையான என்1 வரை ஐந்து நிலை, மொத்தம் 180 மதிப்பெண், என்5 தேற 80 போதும். தேதி குறித்துவிட்டால் புத்தகம் தூங்காது என்பது உண்மை. ஆனால் அதில் பேச்சுத் தேர்வும் இல்லை, கையால் எழுதும் தேர்வும் இல்லை. என்4 சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் வழி கேட்டபோது நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுநாள் மின்னாவை முதல் பாடத்திலிருந்து எடுத்து, இந்தத் தடவை சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.