ஆன்சிபிளில் பட்டியலுக்குள் பட்டியல்: இரண்டாம் அடுக்கு வரை நிம்மதி

2012ஆம் ஆண்டு மைக்கேல் டிஹான் உருவாக்கி, 2015இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் கைக்கு வந்த ஆன்சிபிளை, அதாவது பல வழங்கிகளை ஒரே இடத்திலிருந்து தானாக அமைக்கும் கருவியை, பாராட்டுபவர்கள், வழங்கிகளில் தனியாக எந்த ஏஜென்ட் மென்பொருளையும் நிறுவாமல் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகவே வேலை முடிந்துவிடுவதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் பாராட்டில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இந்த மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொள்வது, பிளேபுக் (வழங்கிகளில் செய்ய வேண்டிய பணிகளை வரிசையாகச் சொல்லும் கோப்பு) எழுதத் தொடங்கிய சில வாரங்களில் எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் ஓர் இடத்தை மட்டுமே: ஒவ்வொரு பயனருக்கும் சில எஸ்எஸ்எச் சாவிகள், ஒவ்வொரு தளத்துக்கும் சில மாற்றுப்பெயர்கள் என ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய தரவை இந்தக் கருவி எப்படிச் சுற்றிவருகிறது என்பதை.

2018இல் வெளிவந்த 2.5 பதிப்பு வரை ‘வித்’ என்று தொடங்கும் சொற்களே இப்படிச் சுற்றிவருவதற்கு இருந்தன. அந்தப் பதிப்பில் ‘லூப்’ வந்து சேர்ந்தது. பழையவை இன்றும் இயங்குகின்றன என்றாலும், ‘வித் ஐட்டம்ஸ்’ இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘லூப்’ என்று மாற்றுபவர் ஏமாறுவார். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் முன்னது ஓர் அடுக்கைச் சொல்லாமலேயே தட்டையாக்கிவிடும், அதாவது உள் பட்டியலைப் பிரித்து வெளிப் பட்டியலோடு சேர்த்துவிடும். பின்னது நாம் ‘ஃப்ளாட்டன்’ என்ற வடிகட்டியை (தரவை வேறு வடிவுக்கு மாற்றித் தரும் சொல்) எழுதினால்தான் செய்யும். மறைவாக எதுவும் நடக்காததால், புதிய வழக்கத்தையே நான் விரும்புகிறேன்.

பெயர்தான் இன்னொரு குழப்பம். ‘வித் நெஸ்டெட்’ என்பதைப் பார்த்தவுடன் அடுக்குத் தரவுக்கானது என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் அது இரண்டு தனித்தனிப் பட்டியல்களைப் பெருக்குகிறது: 4 பயனர், 3 தரவுத்தளம் என்றால் 12 இணைகள். இதே வேலைக்கு இப்போதுள்ள ‘ப்ராடக்ட்’ என்ற பெயரே நேர்மையானது. பயனருக்குள்ளேயே சாவிப் பட்டியல் இருக்கும்போது நமக்கு வேண்டியது ‘சப்எலிமென்ட்ஸ்’. பயனர் பட்டியலையும், உள்ளே பார்க்க வேண்டிய புலத்தின் பெயரையும் கொடுத்தால் அது பயனரும் சாவியுமாக இணைகளைத் தருகிறது; அந்தப் புலமே இல்லாத பயனர் யாராவது இருந்தால் பிழை காட்டி நிற்கும் என்பதால் ‘ஸ்கிப் மிஸ்ஸிங்’ என்பதையும் சேர்த்துவிடுவது நல்லது. இரண்டு அடுக்குக்கு இதைவிடச் சுருக்கமான வழி இந்தக் கருவிக்குள் இல்லை. குறை என்றால், இணையின் இரு பாதிகளையும் 0, 1 என்ற எண்களால்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்ப்பவருக்கு 1 என்பது சாவியா, முகவரியா என்று விளங்காது. அதே டாஸ்க்கில் (பிளேபுக்கின் ஒரு தனிப் பணி) மாறிகளுக்கான ‘வார்ஸ்’ பகுதி எழுதி இரண்டுக்கும் பெயர் வைத்துவிடுவது என் வழக்கம்.

இந்த வசதியே என்னை ஒருமுறை கவிழ்த்தது. விலகிப்போனவர்களின் பழைய சாவிகளும் நீங்கட்டும் என்று பயனரின் சாவிகளை நிர்வகிக்கும் ‘ஆத்தரைஸ்ட் கீ’ மாட்யூலில் (டாஸ்க்கின் வேலையைச் செய்யும் நிரல் துண்டு), கொடுக்காத சாவிகளை நீக்கும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ விருப்பத்தை இயக்கி, அதை ‘சப்எலிமென்ட்ஸ்’ சுற்றுக்குள் வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் தன்னிடம் வந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அது அழித்ததால், ஒவ்வொருவருக்கும் கடைசிச் சாவி மட்டுமே மிஞ்சியது. அந்த விருப்பத்துக்குச் சுற்று தெரியாது என்று ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். படிக்காதது என் தவறு. தீர்வு இன்னும் எளிமையாக இருந்தது: பயனர்களை மட்டும் சுற்றி, அவரவர் சாவிகளை வரிக்கு ஒன்றாக இணைத்து ஒரே தடவையில் கொடுத்துவிட வேண்டும். அடுக்குச் சுழற்சியே தேவைப்படவில்லை. வேகத்திலும் இதனால் லாபம் உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றும் மாட்யூலைப் புதிதாக ஓட்டுகிறது. 20 பேருக்கு மூன்று மூன்று சாவி என்றால் ஒவ்வொரு வழங்கியிலும் 60 ஓட்டம் 20 ஆகக் குறைகிறது. மென்பொருள் பொதிகளை நிறுவும் ஏபிடி, டிஎன்எஃப் போன்ற மாட்யூல்களும் பொதிப் பெயர்களைப் பட்டியலாகவே ஏற்றுக்கொள்வதால் அங்கும் சுற்றத் தேவையில்லை.

மூன்றாவது அடுக்கு வந்தவுடன் கருவி திணறுகிறது. பல டாஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ‘பிளாக்’ மீது ‘லூப்’ போட முடியாது. வேறு கோப்பிலுள்ள டாஸ்க்குகளைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளும் ‘இம்போர்ட் டாஸ்க்ஸ்’ மீதும் முடியாது. அவற்றை ஓடும்போது சேர்க்கும் ‘இன்க்ளூட் டாஸ்க்ஸ்’ போன்றவையே வழிவிடுகின்றன என்பதால், நான்கு வரி வேலைக்காக இன்னொரு கோப்பை உருவாக்க வேண்டியிருக்கிறது. அங்கேயும் வெளிச் சுற்று, உள் சுற்று இரண்டும் ‘ஐட்டம்’ என்ற ஒரே மாறியைப் பிடித்து இழுக்கும்; எச்சரிக்கை வருகிறது, ஆனால் ஓட்டம் நிற்பதில்லை. ‘லூப் கன்ட்ரோல்’ பகுதியில் ‘லூப் வார்’ கொடுத்து வெளிச் சுற்றின் மாறிக்கு வேறு பெயர் வைப்பதைக் கட்டாயமாகவே கொள்ளலாம். அதே பகுதியிலுள்ள ‘லேபிள்’, திரையில் முழுத் தரவும் கொட்டுவதைத் தடுக்கிறது. எனினும் அது படிக்கும் வசதிக்கானதே தவிர, கடவுச்சொல்லை மறைக்க ‘நோ லாக்’தான் வேண்டும்.

இறுதியில் பிறக்கப்போவது ஒரு கோப்புதான் என்றால், எடுத்துக்காட்டாக என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கி மென்பொருளின் தளங்களும் அவற்றின் மாற்றுப்பெயர்களும், இந்தப் பாடு எதற்கும் அவசியமில்லை. ஜின்ஜா வார்ப்புருவுக்குள் (மாறிகளை இட்டு நிரப்பிக் கோப்பை உருவாக்கும் மாதிரி) ‘ஃபார்’ சுழற்சிகளை எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அது ஒரே டாஸ்க்கில் முடியும், பழையதையும் புதியதையும் ஒப்பிடும் ‘டிஃப்’ காட்டும் மாற்றமும் ஒரே இடத்தில் தெரியும். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ‘சப்எலிமென்ட்ஸ்’ வடிகட்டிக்கு 4, ‘இன்க்ளூட் டாஸ்க்ஸ்’ மீது சுற்றும் ஏற்பாட்டுக்கு 2 கொடுப்பேன்.