கும்பகோணத்திலிருந்து என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஐந்து நிமிடம்

இந்த முறை ஊரில் இருந்த இரண்டரை வாரத்தில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, திருச்சிக்கு ஒரு நடை, கொசு, டிகிரி காபி எல்லாம் உண்டு. எதையும் எழுதப் போவதில்லை. அதெல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்குக்குக் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரம், புதுப்பிக்க வங்கிக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா என் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “வெளிநாட்டு அட்ரஸ் புரூஃப் எங்க சார்?” என்றார். போனில் இருந்த வாடகை ரசீதைக் காட்டினேன். அது ஆகாதாம். அரசாங்கம் கொடுத்த காகிதம் வேண்டும், அதையும் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். மறுநாள் நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. ஞாயிறு ராத்திரி எனக்கு விமானம். “நாலு மணிக்குள்ள கொண்டாந்துட்டீங்கன்னா இன்னிக்கே ஏத்திடறேன்” என்றார் அந்த அம்மா. அவரைக் குறை சொல்லவே மாட்டேன்.

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் போய்ப் பதிய வேண்டும். பதிந்ததும் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை நான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், பத்திரமாக, எஸ்லிங்கனில் என் வீட்டு மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரில். கிளவுடில் போட்டு வை என்று மனைவி நாலு தடவை சொல்லியிருந்தாள். லேப்டாப்பும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் ஆபீஸ் வேலை பார்ப்பேன் என்று வீட்டில் அதற்குத் தடை.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்று போட்டிருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதில் ஒரு வேடிக்கை. இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய இரண்டு மென்பொருள்கள் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்தவை. டீம்வியூவர் கோப்பிங்கனில், 2005இல். எனிடெஸ்க் ஸ்டுட்கார்ட்டில், 2014இல். என் வீட்டிலிருந்து இரண்டு ஊருக்கும் உள்ளூர் ரயிலிலேயே போய்விடலாம். பத்து வருஷமாக அங்கே குடியிருந்தும் இவற்றின் பதிப்பு எண்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. அதற்கு மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வர வேண்டியிருந்தது.

முதல் சிக்கல், கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி வாங்கி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே அப்போது காலை எட்டு மணி. “ஒன்பது மணிக்குத்தான் செடிக்குத் தண்ணீர். ஒன்பதுக்குப் போய் பட்டனை அமுக்குகிறேன். வேறு எதையும் தொடமாட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். இங்கே எதிர்வீட்டு மாமியிடம் கேட்டிருந்தால் செருப்புகூடப் போடாமல் ஓடியிருப்பார், போகிற வழியில் என்ன விஷயம் என்று தெரு முழுக்கச் சொல்லியும் இருப்பார். சரி, ஒன்பது என்றால் நம்ம பன்னிரண்டரை.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று கடைக்குப் போனேன். நாங்கள் கல்லூரியில் படித்தபோது அது பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய், வாசலில் செருப்பு, ஆளுயரத்தில் பாதிக்கு மரத்தடுப்பு, தடுப்புக்குத் திரைச்சீலை, நோட்டில் பெயரும் நேரமும். இப்போது முன்பக்கம் ஜெராக்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பின்னால் பழைய ஞாபகத்துக்கு வைத்தது மாதிரி இரண்டு கம்ப்யூட்டர். கடையில் இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர். “விண்டோஸ் செவன்தான் சார், பரவால்லையா?” என்றார். அந்த விண்டோஸுக்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே கை கழுவியாகிவிட்டது, குரோம்கூட 109ஆம் பதிப்போடு நின்றுபோனது. எனக்கு வேறு வழி? உட்கார்ந்தேன்.

நான் சொன்ன மென்பொருள் அதில் ஏற்கெனவே இருந்தது. ஆகா என்று திறந்தேன். பன்னிரண்டரைக்குப் பாட்டியம்மா சொன்னபடி பட்டனை அமுக்கிவிட்டார். என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த மென்பொருள் கொடுத்திருந்த எண்ணை அடித்ததும் ஒரு பெட்டி வந்தது: எதிர்முனையில் இருப்பது புதிய பதிப்பு, நீங்களும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். புதுப்பி என்றால், இந்த விண்டோஸில் அது ஏறாதாம்.

“என்ன தம்பி இது?”

“உங்க வீட்டுல இருக்கறது தானா அப்டேட் ஆயிருக்கும் சார். இங்க நான் அப்டேட்டை நிறுத்தி வச்சிருக்கேன். இது சம்பந்தி வீடு மாதிரி சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வேணா இங்க வரலாம், நாம அங்க போனா வாசல்லயே நிக்கணும். புது வெர்ஷன் பழசுக்குள்ள போகும். பழசு புதுசுக்குள்ள போகாது.”

பதிப்புப் பொருத்தத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் எனக்குச் சொன்னதில்லை. ஆபீஸில் இதற்கு ஒரு புகார்ச் சீட்டு போட வேண்டும், அதற்கு ஒரு எண் வரும், மூன்றாம் நாள் பதில் வரும்.

விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் முயலலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே வந்தது அது, கண்ணியமான சாமான். விஎன்சி மாதிரியான மென்பொருள் திரையைப் படமாகவே அள்ளி அனுப்பும். இதுவோ எதை எங்கே வரைவது என்ற குறிப்பை அனுப்பி இந்தப் பக்கமே வரையவைக்கும், அதனால்தான் மெதுவான இணைப்பிலும் அந்தக் காலத்தில் ஓடியது. ஆனால் உள்ளே வர அனுமதிக்கும் வசதி விண்டோஸின் புரோ மாதிரியான மேல் பதிப்புகளில்தான் உண்டு. ஹோம் பதிப்பிலிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து ஹோமுக்குள் வர முடியாது. பெயர்தான் ஹோம். காசு மிச்சம் பிடிக்க நான் வாங்கியது அதுதான். புரோ வாங்கியிருந்தாலும் வீட்டு ரவுட்டரில் அதற்கான வாசலை, 3389ஆம் போர்ட்டை, இணையத்துக்குத் திறந்து வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஐந்து வருஷம் முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் மறுபடி ஒட்டுப் போட்டுத் தந்தது. அதிலும் பதிப்புச் சண்டை இல்லாமல் இல்லை. 2018 மே மாதப் புதுப்பிப்பு இணைக்கிற பக்கம் ஏறி எதிர்முனையில் ஏறாத இடங்களில் உலகம் முழுக்க ரிமோட் டெஸ்க்டாப் கதவைச் சாத்தியது. காரணம், வருகிறவர் யார் என்று சரிபார்க்கும் கிரெட்எஸ்எஸ்பி என்ற வாய்க்குள் நுழையாத பெயர் கொண்ட ஒரு பகுதி.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இந்தப் பக்கம் உலாவி ஒன்று போதும். ஆனால் அந்தப் பக்கம் முதலிலேயே போட்டு வைத்திருக்க வேண்டும். வேறு எதையும் தொடமாட்டேன் என்ற பாட்டியம்மாவை வைத்துக்கொண்டு என்ன போடுவது?

மிச்சம் இருந்தது என் போன். அதில் அதே மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தது. சேர்ந்தது! 7,500 கிலோமீட்டர் தாண்டி என் வீட்டுப் பூட்டுத்திரை, ஏதோ மலையும் ஏரியுமாக, என் உள்ளங்கையில். விரலால் கடவுச்சொல் பெட்டியைத் தொட்டால் வேறெங்கோ பட்டது. பெரிதாக்கினால் பெட்டி ஓடிப்போனது. அதற்குள் இன்னொரு அறிவிப்பு. நான் இந்த இலவச மென்பொருளை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகமாம், அதனால் ஐந்து நிமிஷத்தில் இணைப்பு துண்டிக்கப்படுமாம். வியாபாரம்! கேஒய்சிக்கு அலைகிறவனைப் பார்த்து. சொன்னபடியே துண்டித்தது. மறுபடி சேர்வதற்குக் காத்திருக்கச் சொன்னது.

இரண்டு முறை இப்படி. ஒன்றரை மணிக்குக் கரண்ட் வேறு போனது. யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்தக் காலத்தில் யூபிஎஸ் கத்தினால் பாதி அடித்த ஈமெயிலைக் காப்பாற்ற எப்படிப் பதறுவோம்!

நடுவில் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ச் சாப்பிட்டேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும், “அந்த ஆப்பா? அதைப் போட்டா பேங்க்ல இருக்கற பணமெல்லாம் போயிடும்னு பேப்பர்ல வந்துதே” என்றார். அவர் சொன்னது முழுத் தப்பு இல்லை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. மோசடிக்காரன் போன் செய்து அதைப் போடவைப்பான், திரையில் வரும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்குவான், அப்புறம் உங்கள் போன் அவன் கையில். சாவி செய்த கொல்லன் மேல் தப்பில்லை என்று விளக்கப் பார்த்தேன். “பணம் போனா கொல்லன் தருவானா?” என்றார். மோர் ஊற்றிக்கொண்டேன்.

இரண்டரைக்குத் திரும்பினேன். கரண்ட் வந்திருந்தது. தம்பி அதற்குள் சாரிலிருந்து அண்ணாவுக்கு வந்திருந்தார். “அண்ணா, போன்ல புது வெர்ஷன் இருக்குல்ல? அப்ப கனெக்‌ஷன் பிரச்சனை இல்ல, உங்க விரல்தான் பிரச்சனை” என்று சொல்லி மேசை டிராயரைத் திறந்தார். சார்ஜர் வயர்கள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. அதிலிருந்து குட்டையாக ஒரு ஓடிஜி கேபிளை உருவினார். விண்டோஸ் செவன் பெட்டியின் பின்னாலிருந்து மவுஸைப் பிடுங்கி அதில் சொருகி என் போனில் மாட்டினார். போன் திரையில் ஒரு அம்புக்குறி முளைத்தது.

ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றேன். பதினெட்டு மாதமாக அந்தப் போன் என் பையில் இருக்கிறது. அதில் மவுஸ் மாட்டலாம் என்று எனக்குத் தெரியாது.

அம்புக்குறி சரியாகப் பெட்டியில் போய் நின்றது. மவுஸைக் கழற்றிவிட்டுக் கீபோர்டை மாட்டிக் கடவுச்சொல்லை அடித்தேன். தவறு. மறுபடி அடித்தேன், தவறு. அதோடு ஐந்து நிமிஷம் முடிந்தது. அடுத்த முறை கீபோர்டில் அடித்துவிட்டு, அதைக் கழற்றி மவுஸை மாட்டி, ஓரத்திலிருந்த கண் படத்தை அழுத்திப் பிடித்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. நான் அடித்த ஒய் அங்கே இசட் ஆக விழுந்திருந்தது, அட் குறி இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோள் குறி. ஜெர்மன் கீபோர்டில் அந்த இரண்டு எழுத்தும் இடம் மாறி இருக்கும், அட் குறி கியூவுக்குள் ஒளிந்திருக்கும். சில மென்பொருள் நீங்கள் அடித்த எழுத்தை அனுப்பும். சிலது எந்த விசை என்று அதன் இடத்தை மட்டும் அனுப்பும், எழுத்தை அந்தப் பக்கம் முடிவு செய்துகொள்ளும். இது இரண்டாவது ஜாதி. பத்து வருஷம் அந்தக் கீபோர்டில் அடித்த விரல்கள் கும்பகோணத்துக் கீபோர்டைக் கண்டதும் பழைய வீட்டுக்கு வந்த மாதிரி நடந்துகொண்டன.

“கீழ மூலையில ஒரு ஆள் படம் இருக்கு பாருங்கண்ணா, அதை அமுக்குங்க” என்றார் தம்பி. திரையிலேயே ஒரு கீபோர்டு விரிந்தது, அச்சு அசல் ஜெர்மன் கீபோர்டு. இனி மவுஸ் ஒன்றே போதும். ஒவ்வொரு எழுத்தாக மவுஸால் குத்தினேன். பக்கத்தில் பான் கார்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் தன் படிவத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கடிகாரத்தைப் பார்த்து, “மூணு நிமிஷம் ஆச்சு” என்றார். கதவு திறந்தது. ஃபோல்டர், உள்ளே ஃபோல்டர், சான்றிதழ். போனுக்கு இறக்கினேன். நான்கு நிமிஷம் நாற்பது விநாடி. பெரியவர் கை தட்டினார்.

பிரிண்டுக்கு என்ன செய்ய என்று கேட்பதற்குள், “வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க” என்று சுவரில் ஒட்டியிருந்த நம்பரைக் காட்டினார். இரண்டு பிரதி, பத்து ரூபாய். மூன்று மணி நேரம் இடத்தை அடைத்ததற்கும் கேபிளுக்கும் எவ்வளவு என்று கேட்டேன். “மவுஸுக்கெல்லாம் யாராச்சும் காசு வாங்குவாங்களாண்ணா?” என்றார். எஸ்லிங்கனில் கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கே முன்பதிவு கேட்பார், பார்த்ததற்கு ஒரு கட்டணமும் வைப்பார். ரசீது மட்டும் மிக அழகாக இருக்கும்.

மூன்றரைக்கு வங்கிக்குள் நுழைந்தேன். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து ஒரு பெட்டியைத் திறந்தது, மூடியது, வேறொன்றைத் திறந்தது.

“ஹெட் ஆபீஸ்லேர்ந்து பாத்துட்டிருக்காங்க, சிஸ்டம் சரியில்ல. உக்காருங்க சார்” என்றார்.

உட்கார்ந்தேன். மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் பதிப்பு எண் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டினேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.