கொல்வதா, பிடித்து நிறுத்துவதா? பயங்கரவாதச் சந்தேக நபர்களும் அரசின் வழிகளும்

2011ஆம் ஆண்டு, ஏமனில் இயங்கிய அல்-காய்தா கிளையோடு தொடர்புடையவர்கள் என்று அமெரிக்கா சொன்ன இரண்டு பேருக்கு இரண்டு விதமான முடிவு கிடைத்தது.

முதலாமவர் சோமாலியாவைச் சேர்ந்த அகமது வர்சாமே. ஏப்ரலில் ஏடன் வளைகுடாவில் படகில் போனவரைப் பிடித்தார்கள். சுமார் இரண்டு மாதம் கடற்படைக் கப்பலிலேயே வைத்து விசாரித்தார்கள். பிறகு நியூயார்க்குக்குக் கொண்டுபோய் நீதிபதி முன் நிறுத்தினார்கள். டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்றவர் அன்வர் அல்-அவ்லாக்கி, நியூ மெக்சிகோவில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். செப்டம்பர் 30 அன்று ஏமனில் ட்ரோன் தாக்கி இறந்தார். அதுவரை எந்த அமெரிக்க நீதிமன்றத்திலும் அவர்மீது ஒரு குற்றப்பத்திரிகைகூட இல்லை.

அவ்லாக்கி அப்பாவி என்று நான் வாதிடவில்லை. 2009 கிறிஸ்துமஸ் நாளில் டெட்ராய்ட் விமானத்தை வெடிக்க முயன்ற உமர் ஃபாரூக் அப்துல்முத்தலபுக்கு வழிகாட்டியவர் அவர்தான் என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் விரிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது? 2012 பிப்ரவரியில், அப்துல்முத்தலபின் தண்டனை விசாரணையின்போது. அவ்லாக்கி செத்து நான்கு மாதம் கழித்து. நீதிமன்றத்தில் வைக்கும் அளவுக்குச் சான்று இருந்தது என்றால், உயிரோடு இருந்தபோதே குற்றச்சாட்டாவது பதிவு செய்திருக்கலாமே!

ட்ரோன் வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அரசின் கை எட்டாத மலைப்பகுதியில் ஒருவர் அடுத்த குண்டுவெடிப்புக்குத் திட்டம் போடுகிறார். அங்கே போலீஸ் இல்லை, வாரன்ட்டை நிறைவேற்ற ஆள் இல்லை. படையை இறக்கினால் ரத்தம் குறையும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 2017 ஜனவரியில் ஏமனின் யக்லா கிராமத்தில் அமெரிக்கப் படை தரையிறங்கியபோது சொந்தத் தரப்பில் ஒரு வீரரும், கிராமத்தில் குழந்தைகள் உட்படப் பல பொதுமக்களும் இறந்தார்கள். அவ்லாக்கியின் எட்டு வயது மகளும் அதில் ஒருத்தி. 'பிடித்திருக்கலாமே' என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த வாதம் முழுதும் 'அவர் குற்றவாளிதான்' என்ற இடத்தில் நிற்கிறது. அந்த இடத்திலேயே தவறு நடந்தால்? 2021 ஆகஸ்ட் 29, காபூல். விமான நிலையத்தில் தற்கொலைத் தாக்குதல் நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை ட்ரோன்கள் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. வண்டியில் ஏற்றப்பட்டவை வெடிபொருள் என்று திரையைப் பார்த்தவர்கள் முடிவு கட்டினார்கள். கார் ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் ஏவுகணை பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். ஓட்டிவந்தவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஏற்றியது தண்ணீர் கேன்கள். முதலில் நியாயமான தாக்குதல் என்று சொன்ன ராணுவத் தலைமை, பத்திரிகைகள் காட்சிகளைத் தோண்டி எடுத்த பிறகு செப்டம்பர் 17 அன்று தவறை ஒப்புக்கொண்டது. யார்மீதும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. உலகமே காபூலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் இது வெளியே வந்தது. கேமரா எட்டாத பள்ளத்தாக்கில் நடந்திருந்தால் இறந்தவர்கள் பயங்கரவாதிகள் கணக்கில்தான் போயிருப்பார்கள்.

இப்போது நீதிமன்ற வழி. நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். கசாப் உயிரோடு சிக்கியதற்குக் காரணம், துப்பாக்கிக் குழாயைத் தன் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்ப்ளே. 'விசாரணை எதற்கு, தூக்கில் போடு' என்ற கூச்சல் அன்று நாடெங்கும் கேட்டது. விசாரணை நடந்தது, மேல்முறையீடுகள் நடந்தன, 2012 நவம்பரில் கசாப் தூக்கிலிடப்பட்டார்.

அதே வழக்கில் வேறொன்றும் நடந்தது, அதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். தாக்குதலுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்ததாக இரண்டு இந்தியர்கள் குற்றம்சாட்டப்பட்டிருந்தார்கள். அவர்கள் தந்த வரைபடம், கசாபோடு வந்து சுட்டுக்கொல்லப்பட்ட அபு இஸ்மாயிலின் பேன்ட் பாக்கெட்டில் கிடைத்தது என்றது போலீஸ். பேன்ட் ரத்தத்தில் ஊறியிருக்க, காகிதத்தில் மட்டும் ரத்தக்கறை இல்லாதது எப்படி என்று நீதிபதி தகிலியானி கேட்டார். 2010 மே மாதம் இருவரையும் விடுவித்தார். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. நாடு கொதித்துக்கொண்டிருந்த ஒரு வழக்கில், ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் எடுத்து அப்படி ஒரு கேள்வி கேட்க நீதிமன்றத்தில்தான் ஆள் இருந்தார். ஒரு என்கவுன்டரில் அந்த இருவரும் செத்திருந்தால் காகிதத்தை யார் பார்த்திருப்பார்கள்?

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2012இல் லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்ட வழக்கில், அந்த நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட அபு கத்தாலாவை 2017இல் ஜூரி 18 குற்றச்சாட்டுகளில் நான்கில் மட்டும் குற்றவாளி என்றது, கொலைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அரசுக்கு அது ஏமாற்றம்தான். ஆனாலும் அவர் பல ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். செய்தது எது, செய்யாதது எது என்று பிரித்துப் பார்க்க ட்ரோனால் முடியாது.

மூன்றாவது வழியான குவான்டனாமோவை, அதாவது கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளச் சிறையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கொல்லவும் இல்லை, விசாரித்து முடிக்கவும் இல்லை. மொத்தம் 779 பேரை அங்கே அடைத்தார்கள். செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி என்று குற்றம்சாட்டப்பட்டு 2003இல் பிடிபட்ட காலித் ஷேக் முகமதின் வழக்கு, சிஐஏ செய்த சித்திரவதையால் கெட்டுப்போய் இருபது ஆண்டு தாண்டியும் தீர்ப்பைக் காணவில்லை. செப்டம்பர் 11இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பலர் அந்தத் தீர்ப்பைக் கேட்காமலே கண்மூடிவிட்டார்கள்.

கொலையை முழுதாகத் தடுக்காமல் கடிவாளம் போட்ட நீதிமன்றங்களும் உண்டு. 2006 டிசம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், இத்தகைய கொலைகள் எல்லாமே சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது என்றது. தகவல் உறுதியாக இருக்க வேண்டும், கைது செய்ய முடிந்தால் கைதுதான் செய்ய வேண்டும், தாக்கிய பிறகு சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. இந்த நிபந்தனைகள் அங்கே எந்த அளவுக்கு மதிக்கப்பட்டன என்பது வேறு கேள்வி. ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டரில் 1988இல் பிரிட்டிஷ் வீரர்கள் ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) உறுப்பினர்கள் மூவரைச் சுட்டுக்கொன்ற வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இல் முடித்தது. அவர்கள் குண்டு வைக்கத் திட்டமிட்டது உண்மைதான், அவர்களுக்கான வெடிபொருள் ஸ்பெயினில் கிடைத்தது. ஆனால் சுடப்பட்டபோது கையில் ஆயுதம் இல்லை. எல்லையிலேயே நிறுத்தியிருக்க முடியும் என்று பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் பிரிட்டன் மீது தவறு கண்டது நீதிமன்றம்.

2013 மே உரையில் ஒபாமா இரண்டு யோசனைகளைக் குறிப்பிட்டார்: தாக்குதலுக்கு முன் அனுமதி தரும் தனி நீதிமன்றம், அல்லது அரசுக்குள்ளேயே ஒரு கண்காணிப்புக் குழு. இரண்டுமே நடைமுறைக்கு வரவில்லை. எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. முன் அனுமதி நீதிமன்றத்தில் ஒரு தரப்பு மட்டுமே பேசும், சாகப்போகிறவருக்காகப் பேச யாரும் இருக்கமாட்டார். அரசுக் குழுவோ தன் அரசையே விசாரிக்கும். பிடிக்க வழியே இல்லாமல், ஆபத்து கண்முன் நிற்கும்போது கொல்ல நேர்ந்தால், அதற்குப் பிறகு வெளி நீதிபதி ஒருவர் ஆதாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இறந்தவரின் குடும்பம் வழக்கறிஞரோடு வந்து நிற்க உரிமை வேண்டும். அவ்லாக்கி இறந்து இரண்டு வாரத்தில், அவருடைய 16 வயது மகன் அப்துல்ரகுமானும் ஒரு திறந்தவெளி உணவகத்தில் ட்ரோன் தாக்குதலில் இறந்தான். அவனைக் குறிவைக்கவில்லை என்றார் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர். அப்படியானால் குறி யார், தகவல் எங்கே பிழைத்தது? இந்தச் சாவுகளுக்காக அவன் தாத்தா தொடர்ந்த வழக்கை வாஷிங்டன் நீதிமன்றம் 2014இல் சாட்சி விசாரணைக்கே போகாமல் தள்ளுபடி செய்தது. முதலில் திருத்த வேண்டியது இந்தக் கதவடைப்பைத்தான்.